ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பிஎச்.டி.க்கு கைடு தேடுகிறேன், எல்லார் புரொஃபைலும் ஒரே மாதிரி இருக்கிறதே?

அஞ்சுரோடு_பையன்

வணக்கம். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி செமஸ்டர், சேலத்தில்தான் படிக்கிறேன். ஆர்கானிக்கில் பிஎச்.டி. பண்ணுவது என்று முடிவாகிவிட்டது, யாரிடம் என்பதுதான் முடிவாகவில்லை. கொஞ்ச நாளாக ராத்திரி சாப்பிட்டதும் உட்கார்ந்து பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கிறேன். எங்கே படித்தார், யாரிடம் பிஎச்.டி., வெளிநாடு போனாரா என்று மேலே இருக்கும், கீழே ஆய்வு ஆர்வம் என்று ஒரு வரி. அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆர்கானிக் சிந்தசிஸ், ஹெட்டிரோசைக்கிள், கிரீன் கெமிஸ்ட்ரி, நானோ மெட்டீரியல், மாலிகுலர் டாக்கிங். பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது போலிருக்கிறது.

அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். "இன்னும் அஞ்சு வருஷமா?" என்று தினமும் கேட்கிறார். அதனால் தப்பான லேபில் போய் மாட்டிக்கொள்ள எனக்கு வசதியில்லை. அனுபவம் உள்ள அண்ணன் அக்காக்கள் சொல்லுங்கள், இந்தப் பக்கங்களை எப்படிப் படிப்பது?

ஃபிளாஸ்க்_கழுவி

தம்பி, அந்த ஆர்வம் என்கிற வரியைப் படிக்கவே படிக்காதே. வெப்சைட் கட்டும்போது ஆபீஸிலிருந்து ஒரு ஃபாரம் வரும், அதில் அன்றைக்கு வாயில் வந்ததை எழுதிக் கொடுப்பார்கள், அது அப்படியே பத்து வருஷம் நிற்கும். நீ பார்க்க வேண்டியது அந்த லேபிலிருந்து வெளியே வந்த தீசிஸ். இந்தியப் பல்கலைக்கழகத் தீசிஸ்களைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் பல்கலைக்கழகம், துறை, கைடு பெயர் போட்டுத் தேடினால் முழு தீசிஸும் இலவசமாகக் கிடைக்கும். முன்னுரையை விட்டுவிடு, நேராக எக்ஸ்பெரிமென்டல் பகுதிக்கும் ஸ்பெக்ட்ராவுக்கும் போ.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் பக்கத்து லேப்களில் பாதிப்பேர் சால்கோன் என்கிற எளிய மஞ்சள் சேர்மத்தில்தான் ஆரம்பிப்போம். அசிட்டோஃபீனோன், பென்சால்டிஹைட், ஆல்கஹால், சோடியம் ஹைட்ராக்சைடு. கொஞ்ச நேரம் கலக்கினால் மஞ்சளாகக் கலங்கும், முதலில் எண்ணெய் மாதிரி அடியில் இறங்கும், கண்ணாடிக் கம்பியால் ஃபிளாஸ்க் சுவரைச் சுரண்டிவிட்டால் சட்டென்று கெட்டியாகும். ரொம்ப எளிது, அதனால்தான் எல்லாரும் செய்கிறார்கள். இப்போது தீசிஸைத் திறந்து புரோட்டான் என்.எம்.ஆரை, அதாவது மூலக்கூறில் ஹைட்ரஜன்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தைப் பார். இரட்டைப் பிணைப்பின் இரண்டு ஹைட்ரஜனும் இரண்டு டப்ளெட்டாக, அதாவது இரட்டைக் கோடுகளாக வர வேண்டும், கோடுகளுக்கு இடையிலான தூரமான ஜே மதிப்பு 15, 16 ஹெர்ட்ஸ் இருந்தால் டிரான்ஸ். இதை அளந்து எழுதியிருக்கிறார்களா, இல்லை 7.0 முதல் 8.0 வரை எல்லாவற்றையும் மல்டிப்ளெட் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்களா? கார்பன் என்.எம்.ஆர். இருக்கிறதா? மூலக்கூறு எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரம் இருக்கிறதா? எண்பது சேர்மம் செய்து ஐந்துக்கு மட்டும் ஸ்பெக்ட்ரம் போட்டிருந்தால் அந்த லேபில் கைடு உட்கார்ந்து டேட்டா பார்ப்பதில்லை என்று அர்த்தம். இதை எந்தப் புரொஃபைலும் உனக்குச் சொல்லாது.

சேர்வராயன்75

ஏற்காட்டில் ஓய்வில் இருக்கும் பழைய கெமிஸ்ட்ரி வாத்தியார் நான். தம்பி ஃபிளாஸ்க் சொன்னது சரி, ஆனால் கல்விப் பின்னணியை ஒரேயடியாக ஒதுக்கிவிடக் கூடாது. அதை எப்படிப் படிப்பது என்று தெரிய வேண்டும். ஒருவர் யாரிடம் படித்தார் என்பது அவர் கைக்கு என்ன கருவி வந்தது என்பதைச் சொல்லும். அதை வைத்து எதைக் கட்டினார் என்பது வேறு கதை.

குளித்தலையில் 1900-இல் பிறந்த டி.ஆர். சேஷாத்ரியும், சென்னையில் 1901-இல் பிறந்த கே. வெங்கட்ராமனும் மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள். இருவரும் மான்செஸ்டர் போய் ராபர்ட் ராபின்சனிடம் பிஎச்.டி. செய்தார்கள். ராபின்சன் என்றால் ட்ரோபினோனை 1917-இல் ஒரே பாத்திரத்தில் செய்து காட்டியவர், 1947-இல் நோபல். இரண்டு பேருக்கும் செடிகளின் நிறமிகளான ஃபிளவோன் வகைச் சேர்மங்கள் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டன. இன்றைய மாதிரி புரொஃபைல் போட்டிருந்தால் இருவர் பக்கமும் வரிக்கு வரி ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஊர் திரும்பிய பிறகு பாருங்கள். சேஷாத்ரி கொஞ்ச காலம் கோயம்புத்தூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார், அப்புறம் வால்டேர் ஆந்திரப் பல்கலைக்கழகம், 1949 முதல் டெல்லி. பருத்திப் பூவின் நிறமிகள், மரப்பட்டை, பாறையில் படரும் லைக்கன் என்று இயற்கையில் கிடைப்பதைப் பிரித்து அமைப்பைக் கண்டுபிடிப்பதே வேலை. 1960-இல் எஃப்.ஆர்.எஸ்., அதாவது லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். வெங்கட்ராமன் லாகூரில் ஒரு கல்லூரிக்குப் போனார். இன்று புத்தகங்களில் பேக்கர்–வெங்கட்ராமன் மறுசீரமைப்பு என்று படிக்கிறீர்களே, அது அந்தக் காலத்து வேலை, 1933 வாக்கில். ஆர்த்தோ ஹைட்ராக்சி அசிட்டோஃபீனோனின் எஸ்டரைக் காரத்தில் போட்டால் அசைல் தொகுதி உள்ளுக்குள்ளேயே இடம் மாறி டைகீட்டோன் வரும், அதை அமிலத்தில் வளையமாக மூடினால் ஃபிளவோன். அதன் பிறகு பம்பாய்க்குப் போய் ஜவுளி ஆலைகளுக்கு நடுவில் உட்கார்ந்ததும் மனிதர் சாயத்துக்குத் தாவிவிட்டார். செயற்கைச் சாயங்களில் உலகமே திரும்பிப் பார்க்கும் ஆளாகி, 1957-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார்.

ஒரே குரு, ஒரே வித்தை. ஊரும் பக்கத்தில் என்ன கிடைத்தது என்பதும்தான் ஆளைப் பிரித்தது. அதனால் புரொஃபைலில் பிஎச்.டி. எங்கே என்று பார்த்ததும் நிறுத்தாதே. கைடை விட்டு வந்து முதல் ஐந்து வருஷம் என்ன செய்தார் என்று பார். கைடு செய்ததையே பென்சீன் வளையத்தில் மீத்தைலுக்குப் பதில் குளோரோ மாற்றி இன்னும் செய்துகொண்டிருக்கிறாரா, சொந்தமாக ஒரு கேள்வி எழுப்பினாரா?

ஃபிளாஸ்க்_கழுவி

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த குரு பரம்பரைக் கதை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இதையே பிடித்துக்கொண்டுதான் மான்செஸ்டர், ஹார்வர்டு போகாத ஆளை நம் பையன்கள் மதிப்பதில்லை. எனக்குத் தெரிந்து வெளிநாட்டையே பார்க்காமல் இங்கேயே பிஎச்.டி. முடித்த ஒருவர் அருமையாக ஆராய்ச்சி நடத்துகிறார், மாணவர்கள் பெரிய பெயருள்ள இடம் தேடிப் போய்விடுகிறார்கள்.

சேர்வராயன்75

கோபம் எதற்கு? எனக்கும் அந்தப் பெருமை பிடிக்காது. வெங்கட்ராமனின் பெயர் நிற்கும் வேலை மான்செஸ்டரில் நடந்ததல்ல, லாகூர் கல்லூரியில் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அசீமா சட்டர்ஜியை எடுத்துக்கொள். கல்கத்தாவிலேயே படித்து, அங்கேயே 1944-இல் டி.எஸ்சி. என்கிற அறிவியல் முனைவர் பட்டம் வாங்கினார், இந்தியப் பல்கலைக்கழகத்தில் அறிவியலுக்கு அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். வெளிநாடு போனது அதற்கப்புறம்தான். நித்தியகல்யாணி வகை ஆல்கலாய்டுகளில் வாழ்நாள் முழுக்க உழைத்தார். நம் வாய்க்கால் ஓரத்து ஆரைக்கீரை இனத்திலிருந்து வலிப்பு நோய்க்கு ஆயுஷ்-56 என்று ஒரு மருந்து உருவாக்கினார்.

டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அப்படித்தான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் போய் ரோஜர் ஆடம்ஸ் என்ற வேதியியலாளரிடம் இருந்துவிட்டு வந்தார், சரி. ஆனால் மாநிலக் கல்லூரியில் உட்கார்ந்து அவர் குழு கை வைத்த செடிகளைப் பாருங்கள். நஞ்சறுப்பானின் டைலோஃபோரின். மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து 1956-இல் வெடலோலாக்டோன். நம் பாட்டிகள் அரைத்துப் பூசியதை எடுத்து அமைப்புக் கண்டார்கள். அன்றைக்குக் காரத்தில் உருக்குவது, மெத்திலேற்றம் செய்வது, ஆக்சிஜனேற்றம் செய்து உடைப்பது, துண்டுகளைக் கொண்டு முழு உருவத்தை ஊகிப்பது, இதுதான் முறை. ஒரு கல்லூரி லேப் போதும். இன்றைக்கு அதே வேலைக்கு நல்ல என்.எம்.ஆர். வேண்டும். அதனால்தான் கல்லூரிகள் பின்னுக்குப் போய்விட்டன என்பது என் எண்ணம். அறிவு குறைந்து போகவில்லை.

ஜவ்வரிசி_மில்

நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். நான் பி.எஸ்சி.யோடு நிறுத்திவிட்டு மில்லைப் பார்த்துக்கொள்கிறேன், ஆத்தூர் பக்கம். ஒரு சந்தேகம். கரிசலாங்கண்ணி, நித்தியகல்யாணி எல்லாம் செய்கிறார்கள், சேலம் நாமக்கல் முழுக்கக் குச்சிக்கிழங்கு கொட்டிக் கிடக்கிறதே, நம் ஊர் ஆர்கானிக் ஆட்கள் யாரும் அதன் பக்கமே வர மாட்டேன் என்கிறார்களே, ஏனுங்க? கசப்புக் கிழங்கில் விஷம் இருக்கிறது, மாடு தோலைத் தின்று செத்துப்போகும் என்று சின்ன வயசிலிருந்து கேட்கிறோம்.

நித்யகல்யாணி

ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே அண்ணா, திருவனந்தபுரத்தில் கிழங்குகளுக்கென்றே மத்திய நிறுவனம் இருக்கிறது. வேலை நடக்கிறது, ஆனால் செய்பவர்கள் வேளாண்மை, உயிர்வேதியியல் படித்தவர்கள். ஆர்கானிக் துறையில் பயிற்சி எடுத்தவருக்கு இதில் புதிதாகக் கண்டுபிடிக்க அமைப்பு ஒன்றும் பாக்கியில்லை. விஷம் என்பது லினாமரின் என்ற குளுக்கோசைடு. கிழங்கு முழுசாக இருக்கும் வரை சும்மா இருக்கும். அரைத்ததும் செல் உடைந்து லினாமரேஸ் என்ற நொதி அதன்மேல் பாயும், அசிட்டோன் சயனோஹைட்ரின் வரும், அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடும் அசிட்டோனும் ஆகும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதித்துவிடும், தண்ணீரிலும் கரையும். அதனால்தான் உங்கள் மில்லில் அரைத்து, கழுவி, காயவைத்து, வறுத்து எடுக்கும் ஜவ்வரிசியில் அது பெரும்பாலும் போய்விடுகிறது. போகிற இடம் உங்கள் கழிவுநீர்த் தொட்டி. அங்கேதான் ஆராய்ச்சி வேண்டும், அது நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஜவ்வரிசி_மில்

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள் மேடம் 😅

ஃபிளாஸ்க்_கழுவி

செடிப் பேச்சு வந்ததால் ஒரு புலம்பல், தம்பி இதைக் கவனமாகப் படி. சேர்வராயன் மலையில் ஏதோ ஒரு இலையைப் பறித்து, நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, ஆவியாக்கிப் பிரித்து அடையாளம் காணும் ஜி.சி.எம்.எஸ். கருவிக்கு அனுப்பி, கம்ப்யூட்டர் நூலகம் கொடுத்த பட்டியலை அப்படியே ஒட்டி "இதில் முப்பது உயிர்ச்செயல் சேர்மங்கள்" என்று பேப்பர் போடுகிறார்கள் பார், அது ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இல்லை. ஹெக்சாடெகனாயிக் அமிலம், அதாவது பாமிட்டிக் அமிலம், எந்த இலையைப் போட்டாலும் வரும். பிளாஸ்டிக்கை வளையும்படி ஆக்கச் சேர்க்கும் தாலேட் வந்தால் அது செடியிலிருந்து வந்ததைவிட பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதையும் மூலிகையின் மருத்துவ குணம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆவியாகாத பொருள் அந்தக் கருவியில் வரவே வராது. மேடம் சொன்ன லினாமரினையே எடுத்துக்கொள், சர்க்கரை ஒட்டிய மூலக்கூறு, ஆவியாகும்படி சிலைல் தொகுதி ஏற்றாமல் போட்டால் கண்ணில் படாது. விஷக் கிழங்கைப் போட்டு "பாதுகாப்பானது" என்று அறிக்கை வாங்கலாம்!

கைடின் கடைசி ஐந்து வருஷப் பேப்பரில் இந்த வகை பாதிக்கு மேல் இருந்தால் ஓடிவிடு. காலம் குரோமட்டோகிராஃபி ஓட்டி, சிலிக்காவில் பிரித்து, தூய்மை பார்க்கும் டி.எல்.சி. தகட்டில் ஒற்றைப் புள்ளி காட்டி, என்.எம்.ஆர். எடுத்து ஒரே ஒரு சேர்மத்தை உருப்படியாகச் சொல்லியிருந்தால் அவரிடம் போ.

ஓமலூர்_அக்கா

நான் ஓசூர் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆர் அண்ட் டி-யில் இருக்கிறேன், இன்டர்வியூ எடுப்பதும் உண்டு. எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். ரெஸ்யூமில் கைடு பெயரை ஒரு தடவை பார்ப்போம், அவ்வளவுதான். அப்புறம் கேட்பதெல்லாம் நீ கையால் என்ன செய்தாய் என்பதுதான். நைட்ரஜனில் ரியாக்‌ஷன் வைத்திருக்கிறாயா, பியூட்டைல் லித்தியம் தொட்டிருக்கிறாயா, பலேடியம் வைத்து இரண்டு கார்பனை இணைக்கும் சுசூகி கப்ளிங் செய்திருக்கிறாயா? 2010-இல் ஹெக், நெகிஷி, சுசூகி மூன்று பேருக்கும் நோபல் கொடுத்த விஷயம்தான், மருந்துக் கம்பெனியில் அது தினப்படி சமையல், ஆனால் பலேடியம் வாங்கக் காசில்லாத லேபில் படித்த பையனுக்குப் புத்தகத்தில் மட்டுமே தெரியும். நான் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உன் தீசிஸில் போகாத ரியாக்‌ஷன் ஒன்றைச் சொல், ஏன் போகவில்லை என்று நினைத்தாய், அடுத்து என்ன மாற்றினாய்? "எல்லாமே போய்விட்டது மேடம், 95 சதவீத ஈல்டு" என்பவரை நான் நம்புவதில்லை.

ஒன்று மட்டும் மாற்றிச் சொல்வேன். விலை குறைந்த கெமிஸ்ட்ரி என்றால் தரம் குறைந்தது என்று நினைக்காதே. 2021 நோபல் வாங்கிய பெஞ்சமின் லிஸ்ட் ப்ரோலின் என்கிற சாதாரண அமினோ அமிலத்தை வைத்துத்தான் 2000-இல் அந்த நோபலுக்கு வழிவகுத்த பேப்பரைப் போட்டார். அதே ப்ரோலின் 1970-களிலேயே ஹாஜோஸ்–பாரிஷ் வேலையில் பயன்பட்டது, முப்பது வருஷம் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. நம் பக்கம் ஆர்கனோகேட்டலிஸ்ட், அதாவது இப்படி உலோகமில்லாத சின்ன கரிம மூலக்கூறை வினையூக்கியாக வைப்பது, என்று புரொஃபைலில் பார்த்தால் நான் நின்று படிப்பேன், சின்ன லேபிலும் உருப்படியாகச் செய்யலாம்.

அப்புறம், ஆர்வம் மாறியதை யாரும் குறையாக நினைக்க வேண்டாம். ஷார்ப்லெஸ் 2001-இல் கைரல் ஆக்சிஜனேற்றத்துக்கு நோபல் வாங்கினார், 2022-இல் கிளிக் கெமிஸ்ட்ரிக்கு இன்னொன்று. ஆனால் ஒரே ஆள் ஒரே வருஷத்தில் சிந்தசிஸ், நானோ, சூரிய மின்கலம், கழிவுநீர், டாக்கிங் எல்லாம் செய்கிறார் என்றால் அது வேறு விஷயம். ஒரு மூலக்கூறு புரதத்தில் பொருந்துமா என்று கணினியில் பார்க்கும் டாக்கிங்குக்கு ஒரு லேப்டாப் போதும், அதனால்தான் எல்லாப் பேப்பரின் வாலிலும் அது தொங்குகிறது.

நித்யகல்யாணி

பின்னணி பற்றிப் பேசும்போது புரொஃபைலில் விழும் இடைவெளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் உதவிபெறும் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரப் பிஎச்.டி. செய்கிறேன். "இந்த நாலு வருஷம் பேப்பரே இல்லையே" என்று ஒரு நேர்முகத்தில் கேட்டார்கள். குழந்தை பிறந்தது என்று சொன்னேன், எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தர்ஷன் ரங்கநாதனைத் தேடிப் படியுங்கள். டெல்லியில் சேஷாத்ரியிடம் பிஎச்.டி., பிறகு லண்டனில் டி.எச்.ஆர். பார்ட்டனிடம். சார் சொல்லும் கணக்குப்படி பார்த்தால் இதைவிட நல்ல ஜாதகம் கிடையாது. கணவர் எஸ். ரங்கநாதன் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியர், கணவன் மனைவி இருவரும் ஒரே இடத்தில் ஆசிரியராக இருக்கக் கூடாது என்று எழுதப்படாத ஒரு வழக்கம், அதனால் இவருக்கு அங்கே அந்தப் பதவி கிடைக்கவேயில்லை. ஆராய்ச்சி உதவித்தொகையை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டினார். பெப்டைடுகள் தாமாகவே சேர்ந்து குழாய்களாகவும் மடிப்புகளாகவும் அமைவதைப் பற்றி அந்த நிலையில் இருந்துகொண்டு பேப்பர் மேல் பேப்பர் போட்டார். பதவியை மட்டும் பார்த்து கைடைத் தேர்ந்தெடுப்பவன் இவர் பெயரைத் தாண்டிப் போயிருப்பான்.

சேர்வராயன்75

அம்மா, நீங்கள் சொன்ன பிறகு நான் சேர்க்க ஒன்றுமில்லை. பேனா வைத்தவரை என்னிடம் அனுப்புங்கள், கொண்டை ஊசி வளைவு இருபதையும் நடந்தே ஏறி வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

அஞ்சுரோடு_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சோத்கங்காவில் உட்கார்ந்து நான் குறித்து வைத்திருந்தவர்களில் பாதிப்பேரை அடித்துவிட்டேன். மிச்சம் இருப்பவர்களில் ஒருவர் சின்ன இடம்தான், வெளிநாட்டு அனுபவம் இல்லை, ஆனால் தீசிஸ் நான்கிலும் ஒவ்வொரு சேர்மத்துக்கும் கார்பன் என்.எம்.ஆர். இருக்கிறது, போகாத ரியாக்‌ஷனுக்குத் தனி அட்டவணையே போட்டிருக்கிறார்கள். அவருக்குத்தான் முதலில் எழுதப்போகிறேன். நெட் தகுதித் தேர்வில் இன்னும் தேறவில்லை. லேபில் என்.எம்.ஆர். கிடையாது. இரண்டும் பிரச்சினையா? நேரில் போனால் என்ன பார்ப்பது?

ஃபிளாஸ்க்_கழுவி

நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வந்தால் மாசம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000, அப்பா வாயை அடைத்துவிடலாம். அதனால் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டைக் கைவிடாதே, மாநிலத் தகுதித் தேர்வான தமிழ்நாட்டு செட் பாஸானால் வாத்தியார் வேலைக்கு ஆகும், ஃபெல்லோஷிப்புக்கு ஆகாது. என்.எம்.ஆர். இல்லாதது பெரிய குறை இல்லை, சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் சைஃப் என்கிற பொதுக் கருவி மையம் மாதிரி இடங்களுக்குக் காசு கட்டி சாம்பிள் அனுப்பலாம். எத்தனை நாளில் ரிசல்ட் வருகிறது, காசு யார் கையிலிருந்து போகிறது என்பதுதான் கேள்வி. அதை கைடிடம் கேட்காதே, அங்கே இருக்கும் ஸ்காலரிடம் டீக்கடையில் வைத்துக் கேள். காலியிடமும் கேட்டுக்கொள். பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற எத்தனை வருஷம் இருக்கிறது என்றும் பார், பாதியில் கைடு மாறுவது நரகம்.

மெயிலில் "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு" என்று ஆரம்பிக்காதே. அவர் மாணவர் தீசிஸில் போகாத ரியாக்‌ஷன் அட்டவணை என்றாயே, அதில் ஒன்றை எடுத்து, இந்தக் காரத்துக்குப் பதில் வேறு முயன்றீர்களா என்று நாலு வரி எழுது.

ஓமலூர்_அக்கா

லேபுக்குள் போனதும் முதலில் விஷ ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடைப் போடச் சொல்லி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, அடியில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடி. உள்ளே இழுத்தால் சரி. தொங்கிக்கொண்டே நின்றால், இல்லை ஹூடுக்குள் பழைய பாட்டில்களும் சைக்கிள் ஹெல்மெட்டும் அடுக்கி வைத்திருந்தால், டைகுளோரோமீத்தேனும் பிரிடினும் அஞ்சு வருஷம் உன் மூக்கு வழியாகத்தான் போகும். கைடு எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அதைச் சரி செய்ய எப்போது ஆள் வருகிறார் என்று கேட்டுவிட்டுச் சேர்.